நான் மறைத்த வார்டு

இதில் என் பெயர் இருக்காது. குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. அமைப்பில் பெயரைப் பொதுவில் சொல்வதில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரிலேயே அந்த மரபு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மரபின் மறைவில், பெயரோடு சேர்த்து இன்னொன்றையும் பல வருஷம் ஒளித்து வைத்திருந்தேன். அதனால் ஒருவருக்கு வலது கை போயிற்று. அவர் குடும்பத்துக்குப் பிழைப்பு போயிற்று. முழுவதையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறேன். தோல் கம்பெனியில் செலக்டர் வேலை பார்த்தவன். பதனிட்டு, சாயம் ஏற்றி, பினிஷிங் முடிந்து வரும் தோலை மேஜையில் விரித்துத் தரம் பிரிப்பதுதான் அந்த வேலை. முள் கீறியது, உண்ணி கடித்தது, உரிக்கும்போது கத்தி பட்டது எல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டும். முதல் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இந்தத் தொழிலில் செலக்டருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குடி எப்படி ஆரம்பித்தது என்பதில் சொல்ல அதிகம் இல்லை. ஷிப்மெண்ட் போன இரவில் ஒரு குவார்ட்டர். பிறகு தினமும் இரவில். பிறகு காலையில் கை நடுங்காமல் இருக்க. கடையைக் குறை சொல்ல மாட்டேன். 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. என் தெருவில் பாதிப் பேர் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே போனவன் நான்.

வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், "டேனரி நாத்தத்துல குடிக்காம எப்படி வேலை செய்யறது?" என்று கத்துவேன். அது பொய். என் மேஜைக்கு வரும் தோலில் அந்த நாற்றம் கிடையாது. சுண்ணாம்புத் தொட்டியிலும் ட்ரம்மிலும் நின்று அந்த நாற்றத்தைத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் குடிக்காதவர்கள். என் பக்கத்து மேஜையில் இருந்த மேல்விஷாரத்துப் பாய் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அடுத்தவர் பட்ட கஷ்டத்தை எடுத்து என் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையிலேயே குடித்துவிட்டுப் போய், மூன்றாம் தரத் தோல்களை முதல் தரக் கட்டில் வைத்துவிட்டேன். லோடு திரும்பி வந்தது. கட்டுக் கட்டிய ஹெல்பர் பையன்தான் மாற்றி அடுக்கியிருப்பான் என்று பேச்சு எழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது என்னிடம் வந்து, "வர்றன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மாலையும் குடித்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருப்பது என் பழக்கம். குடி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பாகாயத்துக்குக் கூட்டிப் போனது என் மனைவி. சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே 1957-லிருந்து இருக்கிறது. வீட்டு ஆள் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் தங்கினாள். முதல் இரண்டு நாள் உடம்பு முழுக்க நடுக்கம், வியர்வை. வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்தார்கள். மூன்றாம் இரவு கட்டிலைச் சுற்றித் தோல் அடுக்கடுக்காக ஏறி வருவதைப் பார்த்தேன். இல்லாத தோலை ஒவ்வொன்றாக எடுத்து, தடவிப் பார்த்து, தரம் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தேனாம். விடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

உடம்பு தெளிந்த பிறகு அங்கிருந்த டாக்டர், இனி குடிக்காமல் இருப்பதற்குத் துணை வேண்டும், ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள் என்றார். போனேன். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு டப்பா சுற்றி வரும், முடிந்தவர்கள் போடலாம். ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். வக்கீல் குமாஸ்தாவும் லாரி டிரைவரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டில், கம்பெனியில், சொந்தக்காரர்களிடம் யாரிடமும் சொல்ல முடியாததை இன்னொரு குடிகாரன் கண்ணெதிரே எழுந்து நின்று சொல்கிறான். அதைக் கேட்டபோதுதான் நான் தனி ஆள் இல்லை என்று புரிந்தது. இப்போதும் சொல்கிறேன், அந்த அறை இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன்.

காட்பாடியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் எனக்கு ஸ்பான்சர், அதாவது கூட நின்று வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ஆனார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தன் கதையை எப்போதும் சென்னை டி.டி.கே. மருத்துவமனையிலிருந்துதான் ஆரம்பிப்பார். கணவரைக் குடியில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த இடம் அது. முதலில் உடம்பிலிருந்து சாராயத்தை இறக்க மருந்து, பிறகு பேச்சு, பிறகு குடும்பத்தாருக்குத் தனியாகப் பயிற்சி என்று வரிசையாகச் செய்தார்கள் என்று பெரியவர் விவரமாகச் சொல்வார். ஊசி போட்டதைக்கூட விடமாட்டார். எனக்கு முன்னால் அப்படி ஒரு உண்மையான ஆள் இருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். பாகாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கம் பாகாயம் போய் வந்தவன் என்றால் மக்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். என் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் வயது வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் பேசியது வெளியே போகாது என்று தெரிந்திருந்தும் பயந்தேன். வார்டை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி வந்த நாளிலிருந்து கதையை ஆரம்பித்தேன். "இந்த ரூமுக்குள்ள வந்தேன். அன்னைக்கே விட்டேன்" என்றேன். கை தட்டினார்கள்.

பயத்தில் ஆரம்பித்தது, கைதட்டலில் கர்வமாக மாறியது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை இன்னும் உறுதியாயிற்று. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஒரே மூச்சில் விட்டவன் என்று என்னைப் பற்றிப் புதிதாக வருபவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அரக்கோணத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அந்த வார்டை மறைத்தபோது என் மனைவியையும் மறைத்துவிட்டேன். விடிய விடிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் என் கதையில் எங்குமே இல்லை. குடும்பத்தாரும் வரக்கூடிய கூட்டங்களில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏ.ஏ.யின் வரலாற்றை நான் கரைத்துக் குடித்தவன். நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் 1934 டிசம்பரில் கடைசியாகக் குடியை விட்டது டவுன்ஸ் மருத்துவமனையில், டாக்டர் சில்க்வொர்த்தின் கவனிப்பில். அடுத்த ஆண்டு அக்ரான் நகரில், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிகாரனைத் தேடி போன் போட்டு, டாக்டர் பாப் ஸ்மித்தைக் கண்டுபிடித்தார். பாப் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பின் பிறந்த நாளாக வைத்திருக்கிறோம். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேடிப் போனதும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான். பின்னாளில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியோடு சேர்ந்து, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளை பாப் சேர்த்துப் பார்த்தார். இந்தியாவில் 1957-ல் டெல்லியில் ஏ.ஏ. தொடங்கியது வரை எல்லாம் எனக்கு மனப்பாடம். உறுப்பினர்கள் யாருக்கும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அமைப்பே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அந்தச் சிறு புத்தகம் என் பையில் இருந்தது. இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் ஆஸ்பத்திரிகளை மட்டும் வேகமாகக் கடந்து போவேன்.

கை போனவர் என்று முதலில் சொன்னேனே, அந்தத் தம்பி 2019 கடைசியில் கூட்டத்துக்கு வந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலின் மேல் அச்சை வைத்து பிரஸ்ஸை இறக்கி வெட்டும் வேலை. தோலை வீணாக்காமல் அச்சைப் பொருத்தி வைக்கத் தெரிந்த கை அவருக்கு. ஒரே தொழில் என்பதால் என்னிடம் ஒட்டிக்கொண்டார். தங்கச்சி என்று நான் சொல்லும் அவர் மனைவி மாடிப்படிக்குக் கீழே காத்திருப்பார். கூட்டம் முடிந்து இறங்கும்போது, "அண்ணா, நல்லா சொல்லுங்கணா அவருக்கு" என்பார்.

தம்பி சில வாரம் வருவார். பிறகு காணாமல் போவார். மறுபடி வருவார். காலையில் குடிக்காவிட்டால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாத அளவுக்கு நடுக்கம் இருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. ஒருமுறை உறுப்பினர் ஒருவர், இவரை முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்றார். நான்தான் தடுத்தேன். "மாத்திரைய ஆரம்பிச்சா அப்புறம் அதுக்கு அடிமை ஆயிடுவான். நான் என்ன மாத்திரை சாப்ட்டா விட்டேன்?" என்றேன். சீனியர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"நீங்க எப்படிணா ஒரே நாள்ல விட்டீங்க?" என்று தம்பி கேட்டார்.

"மனசு வெக்கணும் தம்பி."

இதுதான் நான் சொன்ன பதில். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

2020 மார்ச்சில் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். குடிக்காமல் தொடர்ந்து இருப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பலன் தருகிறது என்று அதில் இருந்தது. நான் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஏ.ஏ. ஒன்றே போதும் என்று மேலே எழுதினேன். அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை. உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும் மருத்துவத்துக்கு ஏ.ஏ. மாற்று என்று எங்கும் இல்லை. எனக்கு வேண்டியதை மட்டும் படித்தேன்.

அதே மாதம் 24-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. டாஸ்மாக் கடைகள் மூடின. நான் சந்தோஷப்பட்டேன். தம்பிக்குப் போன் செய்து, "அரசாங்கமே நிறுத்திக் குடுத்துருக்கு. இந்தச் சான்ஸ விட்டா கிடைக்காது. வீட்ல இருக்கறத கொட்டிடு" என்றேன். கொட்டிவிட்டார். எனக்காகக் கொட்டினார்.

தினமும் அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று பாகாயத்தில் எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தார்கள். சாராயம் மூளையை மந்தமாக்கும். மூளை அதை எதிர்த்து எந்நேரமும் முறுக்கேறியே இருக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளும் கதவில் ஒருவர் சட்டென்று கையை எடுத்தால் மற்றவர் தலைகுப்புற விழுவார். அப்படித்தான் மூளையும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளில் இல்லாதது கண்ணில் தெரியலாம், ஆள் இடம் தெரியாமல் போகலாம். மருத்துவம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். இவ்வளவும் தெரிந்த ஒருவன்தான் அடுத்து வந்த போனை எடுத்தான்.

இரண்டாம் நாள் ராத்திரி. பதினொரு மணி தாண்டியிருக்கும். தம்பியின் மனைவி பேசினார்.

"அண்ணா, அவருக்கு ஒடம்பெல்லாம் ஒதறுதுணா. வேர்த்து ஊத்துது. நேத்துலேர்ந்து தூக்கமே இல்ல. சொவுத்துல எறும்பு ஏறுதுன்றாரு, எறும்பே இல்லணா. இன்னாணா பண்றது? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டா?"

என் மனைவி பக்கத்தில் படுத்திருந்தாள். போனில் வந்த பேச்சு அவளுக்கும் கேட்டது. எழுந்து உட்கார்ந்தாள். "பாகாயத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. உங்களுக்கும் இப்படித்தானே இருந்துச்சு" என்றாள்.

நான் போனின் வாயைக் கையால் மூடினேன். அவளை முறைத்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

அந்த நொடியில் என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தம்பியின் உயிர் இல்லை. நான் நினைத்தது இதுதான்: அவள் சொன்ன ஊர்ப் பெயர் போனுக்குள் போயிருக்குமோ? தங்கச்சிக்குக் கேட்டிருக்குமோ? நாளைக்குக் கூட்டத்தில் தெரிந்துவிடுமோ? ஒரு மனிதன் சுவரில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் என் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துவிட்டுப் பேசினேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சரக்கு கேட்டு நடிப்பான். எலுமிச்சம்பழ ஜூஸ்ல உப்பு போட்டுக் குடு. நானும் இப்படித்தான் வீட்லயே கெடந்து விட்டேன். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சா சரியாயிடும்."

"சரிணா. நீங்க சொன்னா சரிணா."

நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். இதையும் சொல்லியாக வேண்டும்.

விடியற்காலையில் தம்பிக்கு வலிப்பு வந்தது. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் தலை மோதி விழுந்தார். 108 ஆம்புலன்ஸ் வந்தது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. பிரஸ்ஸில் நிற்க முடியாத ஆளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அவர் மனைவி ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் சேர்ந்தார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அந்த வாரமே கேரளத்தில் சாராயம் கிடைக்காமல் தற்கொலைகள் என்று செய்தி வந்தது. அங்கே அரசு டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவு போட, உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பெங்களூர் மருத்துவமனைகளுக்கும் இதே போல் வலிப்போடும் பிதற்றலோடும் ஆட்கள் அதிகமாக வந்தார்கள். இவற்றையெல்லாம் படித்தேன். எங்கும் நடந்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள அந்தச் செய்திகளைப் பயன்படுத்தினேன். அவர்களுக்கெல்லாம் யாரும் போனில் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். ரங்காபுரத்தில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து பாகாயம் போக வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது.

மே 7-ஆம் தேதி கடைகள் திறந்தன. வெயிலில் நீண்ட வரிசை. நான் அந்த வரிசையின் கடைசி வரை நடந்து போனேன். குடித்தால் அந்த இரவு மறந்துவிடும் என்று தோன்றியது. அங்கிருந்தே பெரியவருக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார். "போனை வைக்காத. பேசிக்கிட்டே திரும்பி நட" என்றார். வீட்டுக்குள் வந்து உட்காரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அன்றும் அந்த அறை என்னைக் காப்பாற்றியது. அவ்வளவு நேரம் பேசியும், எதற்காக அந்த வரிசைக்குப் போனேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

கூட்டங்கள் ஜூமில் நடந்தன. தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாவம், அவனுக்கு மன உறுதி பத்தல" என்று ஒருவர் சொன்னார். நான் மைக்கை மியூட்டில் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு மாடி அறை மறுபடி திறந்ததும், நான் குடியை விட்ட நாளுக்குக் கேக் வெட்டினார்கள். மெடல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஹெல்பர் பையன் "வர்றன் சார்" என்று சொன்னபோது நின்றதைப் போலவே நின்றேன்.

வீடு திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் என் மனைவி. "உங்க கதையில பாகாயமே இல்ல. அப்ப அந்த நாளெல்லாம் நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டாள். சிறிது நேரம் கழித்து, "அன்னைக்கு ராத்திரி நீங்க என்னை முறைச்சப்ப நான் போனைப் பிடுங்கியிருக்கணும். அந்தப் பாவம் எனக்கும் இருக்கு" என்றாள். என் குற்றத்தில் பாதியை அவள் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சுமக்க வேண்டியது அதில் ஒன்றும் இல்லை. இதை அவளுக்காக இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

மறுநாள் காட்பாடி போய்ப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "எங்கிட்ட சொன்னது உன் நிம்மதிக்கு. அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லு. மன்னிப்பாங்கன்னு நெனச்சுப் போகாத" என்றார். நாம் கெடுத்தவர்களின் பட்டியல் போடுவதும், போய் நேராக்குவதும் எங்கள் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும். நான் அவற்றைப் பல பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கச்சி நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அந்த இரவு நான் சொன்னது பொய், நானும் பாகாயத்தில் படுத்து ஊசி போட்டுத்தான் விட்டேன், அவமானத்துக்குப் பயந்து மறைத்தேன் என்று சொன்னேன். தம்பிதான் முதலில் பேசினார். வாய் கொஞ்சம் குழறும். "அப்ப நீங்களும் ஊசி போட்டுத்தான் விட்டீங்களாணா? நான்தான் கோழைன்னு நெனச்சுட்டிருந்தேன்." அவர் முகத்தில் கோபம் இல்லை. கையை இழந்ததோடு, அது தன் கோழைத்தனத்தால் என்ற நினைப்பையும் அவருக்கு நான் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டான்னு கேட்டேனே" என்றார். அவ்வளவுதான். பணம் கொடுக்க முயன்றேன். வாங்கவில்லை. நான் எழுந்து வரும்போது, "சரி சார்" என்றார். அதன் பிறகு என்னை அவர் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

கூட்டத்திலும் சொன்னேன். சிலர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். தம்பியை டாக்டரிடம் காட்டச் சொன்ன அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான் ஸ்பான்சராக இருப்பதில்லை. நாற்காலி போடுகிறேன், டீ வாங்கி வருகிறேன். என் முறை வரும்போது பாகாயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தம்பியை பிசியோதெரபிக்கு வண்டியில் அழைத்துப் போகிறேன். அவர் கேட்டதால். இதனால் கணக்கு நேராகிவிட்டதாக நான் சொல்லவில்லை. நேராகாது. ஹெல்பர் பையனை வாணியம்பாடி வரை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் இருந்தால், அவரை இன்றே நிறுத்து என்று சபதம் வாங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கிருந்தாலும் போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. உடம்பு தெளிந்த பிறகு ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் துணை வேறெங்கும் கிடைக்காது. நிறுத்திய ஒருவருக்கு நடுக்கமும் வியர்வையும் கூடிக்கொண்டே போனால், இல்லாதது தெரிகிறது என்று சொன்னால், வலிப்பு வந்தால், அது ராத்திரி எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். என்னைப் போன்ற ஒருவனிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள்.